ஒரு வெங்காயமும் அழுகாத பட்டறை

என் அன்பு மகள் பூங்கொடிக்கு,

பாடாலூருக்கு மேற்கே மூன்றரை ஏக்கர் நிலப்பரப்பு, ஒரு கிணறு, இரண்டு மாடு, கிக்கர் உடைந்த மொபெட் ஒன்று, இவை அனைத்துக்கும் தனிப்பெரும் சக்கரவர்த்தியாகிய உன் அப்பன், உடல் நலமும் வாய் நலமும் குன்றாத நிலையில் எழுதுவது. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள். "என்ன, பொண்ணுக்குக் கல்வெட்டு வெட்டுறீங்களா?" என்று கேட்கிறாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் நீ அதைப் பாதியாக்கித்தான் காதில் வாங்குகிறாய். நூறு என்றால் ஐம்பது. பேய்மழை என்றால் தூறல். பேனாவைப் பிடித்தாலாவது கொஞ்சம் பயம் வரும், அளவு அடங்கும் என்று பார்க்கிறேன். அடுத்த மாதம் நீ டெல்லிக்கு வேலைக்குப் போகிறாய். போகும்போது உன் ஆராய்ச்சிப் புத்தகத்தையும் கொண்டுபோகிறாய். அது அச்சுக்குப் போவதற்குள் இந்தக் கடிதத்தை நீ கடைசி வரி வரை படித்தாக வேண்டும். உன் புத்தகத்துக்குள் ஒரு பொய் இருக்கிறது. அது நான் வைத்தது.

என்ன பொய் என்று உடனே சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அந்தப் பொய்யைப் பெற்றெடுத்தது பொறாமை. தாயைச் சொல்லாமல் பிள்ளையைச் சொல்வது முறையில்லை. என் பொறாமை சில்லறைப் பொறாமை இல்லையம்மா. கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போது கரையில் இருப்பவன் மூட்டை முடிச்சைக் கட்டுவானே, அந்த ரகம். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, "எங்க டீச்சர் சொன்னா அது சரியா இருக்கும்பா" என்றாய். அந்த டீச்சரின் சைக்கிள் பஞ்சரான அன்று நான் அரைப்படி சர்க்கரை வாங்கி வந்து பாயசம் வைக்கச் சொன்னேன். எதற்கு என்று உன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. இப்போது எட்டிப் பார்த்துப் படித்துவிட்டாள், கீரையை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

நம் கிணற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கு அடியே கிடையாது, ஒரு கல்லைப் போட்டால் தை மாதம் போட்ட கல் மாசியில்தான் சத்தம் கொடுக்கும் என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தேன். ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்து கேட்டன. நீ மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்புக்கயிற்றில் கல்லைக் கட்டி உள்ளே இறக்கினாய். பிறகு நனைந்த கயிற்றை வாசலில் நீட்டிப் போட்டு முழம் போட்டாய். "அப்பா, முப்பத்தெட்டு முழந்தான்." உனக்கு அப்போது பத்து வயது. உன் முழமும் சின்ன முழம். ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் என் சிரிப்பு வாயோடு சரி. என் மகள் என் வாயை நம்பாமல் ஒரு கயிற்றை நம்பினாளே என்று அந்தக் கயிற்றின் மேல் பொறாமைப்பட்டவன் நான். உலகத்தில் கயிற்றின் மேல் பொறாமைப்பட்ட ஒரே தகப்பன் நானாகத்தான் இருப்பேன்.

அந்தக் கயிற்றைத்தான் நீ இன்னும் கையில் வைத்திருக்கிறாய். படித்துப் பெரிய ஆளாகி, விவசாயப் பொருளாதார ஆராய்ச்சி என்று ஊர் ஊராகப் போனாய். என்ன ஆராய்ச்சி என்று டீக்கடையில் கேட்டபோது, "சந்திரனில் எந்த மண்ணுக்கு எந்த உரம் என்று கண்டுபிடிக்கிறாள்" என்று நான்தான் சொன்னேன். உண்மையில் நீ எனக்கு அழகாக விளக்கியிருந்தாய். "அப்பா, வெளிநாட்டு வாசலை அரசாங்கம் தொறக்குது, மூடுது. தொறந்தா யாருக்கு என்ன ஆவுது, மூடினா யாருக்கு என்ன ஆவுது, அதை வயல்ல போய்க் கேட்டு எழுதுறேன்." சின்ன வெங்காயத்தை வெளியே அனுப்பக்கூடாது என்று வாசலை மூடினால் பெரம்பலூர்க்காரன் என்ன ஆகிறான். ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை கப்பல் கப்பலாக வரலாம் என்று வாசலைத் திறந்தால் ஜெயங்கொண்டத்துக்காரன் என்ன ஆகிறான். மூடிய வாசலுக்கு ஒரு பாதிப் புத்தகம், திறந்த வாசலுக்கு ஒரு பாதிப் புத்தகம். கேட்டபோது எனக்குப் பெருமையில் நெஞ்சு விரிந்து சட்டையில் நான்கு பட்டன் தெறித்தது. சரி, ஒரு பட்டன்.

அந்தத் திறந்த வாசல் பாதியில்தான் கலியமூர்த்தி வந்து சேர்ந்தான். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் முந்திரித் தோப்பு வைத்திருப்பவன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை நீ அவன் தோப்புக்குப் போவாய். வாரக்கடைசியில் வீட்டுக்கு வந்தால் சோற்றில் கை வைப்பதற்குள் அவன் பேச்சு வந்துவிடும். "கலியமூர்த்தி மாமா மாதிரி ஒரு ஆளைப் பாத்ததே இல்லப்பா. தெரிஞ்சதைத் தெரியும்னு சொல்றாரு, தெரியாததைத் தெரியாதுங்குறாரு. அவர் ஒண்ணு சொன்னா நான் திருப்பிக் கேக்கறதே இல்ல." உன் அம்மா உடனே, "அப்படியும் ஆம்பளைங்க இருக்காங்களா?" என்று என்னைப் பார்த்துக்கொண்டே ரசம் ஊற்றினாள். அன்றிலிருந்து எனக்கு முந்திரிப்பருப்பு கசந்தது. கல்யாண வீட்டுப் பாயசத்தில் முந்திரி வந்தால் கலியமூர்த்தியின் காதைத் திருகுவதுபோல எடுத்து இலை ஓரத்தில் வைத்தேன். இருபத்தாறு வருடம் உனக்கு நான் சொன்ன கதைகளை அடுக்கினால் பச்சைமலை குட்டையாகிவிடும். அதில் ஒன்றையாவது திருப்பிக் கேட்காமல், கயிறு விட்டுப் பார்க்காமல் நீ எடுத்துக்கொண்டாயா?

இப்படி நான் வெந்துகொண்டிருந்த நேரத்தில்தான், வெங்காயப் பாதிக்கு எந்த ஊரில் கேட்பது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில் நம் ஊர் விழுந்தது. ஊருக்குள் குலுக்கியதில் நம் வீடும் விழுந்தது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. என் மகள் என் முன்னால் உட்கார்ந்து, நோட்டைப் பிரித்து, "சொல்லுங்கப்பா" என்று கேட்பாள், நான் சொல்வேன், அவள் எழுதுவாள் என்று வேட்டியெல்லாம் வெளுக்கப் போட்டேன். நீ போனில், "நம்ம ஊருக்கு நான் வரக்கூடாதுப்பா. சொந்தக்காரங்ககிட்ட நானே கேட்டா அது சரியா இருக்காது. வேற ஒருத்தர் வருவாரு, அவருகிட்ட உள்ளதைச் சொல்லுங்க" என்றாய். உங்கள் படிப்பில் அது நியாயமான சட்டம். எனக்கு அது எப்படிக் கேட்டது தெரியுமா? எவனோ ஒரு முந்திரிக்காரன் வீட்டுக்குப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை நீ போவாய். பெற்ற அப்பன் வீட்டுக்கு ஆள் அனுப்புவாய்.

அந்த வருடத்தை ஞாபகப்படுத்திக்கொள். தையில் வெங்காயம் பிடுங்கினோம். வெளிநாட்டு வாசலை மூடிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. வியாபாரிகள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். விலை படுத்துக்கொண்டது. ஊரே என்ன செய்தது? காய்ந்த தாளோடு வெங்காயத்தைக் கட்டிப் பட்டறையில் ஏற்றியது. கல்லை வைத்து, அதற்கு மேல் மூங்கிலைப் பரப்பி, சுற்றிலும் தட்டி கட்டி, காற்றோட்டமாக வெங்காயத்தை அடுக்கிவைக்கும் நம் பட்டறைதான். வாசல் திறக்கும், விற்கலாம் என்று காத்திருந்தோம். மாசி, பங்குனி, சித்திரை. வாசல் திறக்கவில்லை. பட்டறைதான் வாயைத் திறந்தது. அந்த நாற்றம் இருக்கிறதே, அதைப் பிடித்து எல்லைக்கு அனுப்பியிருந்தால் எந்தப் படையும் நம் பக்கம் தலை வைத்துப் படுத்திருக்காது.

ஆனால் நம் ஊரில் ஒருவன் தன் பட்டறை அழுகியது என்று வெளியே சொல்லமாட்டான். விளைச்சல் எவ்வளவு என்று கேட்டால் கண் படும் என்று குறைத்துச் சொல்வான். கழிவு எவ்வளவு என்று கேட்டால் கைப்பக்குவம் இல்லாதவன் என்று சொல்லிவிடுவார்களோ என்று அதையும் குறைத்துச் சொல்வான். பட்டறை போடுவது ஒரு கைப்பக்குவம். அது அழுகினால் அந்தக் கையே அழுகியதுபோல. சித்திரையில் ஒரு நாள் நடு மத்தியானம், ஊர் மொத்தமும் சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரம் பார்த்து, அழுகல் மூட்டைகளை மாட்டு வண்டியில் போட்டு மேலே வைக்கோலைப் பரப்பி, ஏரிக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்துக்கு ஓட்டிப்போனேன். அங்கே போய்ப் பார்த்தால் நம் எதிர்வீட்டுப் பெரியசாமி. அவனிடமும் ஒரு வண்டி, அதிலும் வைக்கோல்.

"என்ன மாமா, இந்த வெயில்ல?" என்றான்.

"வைக்கோல் காயப்போடலாம்னு வந்தேன்டா. நீ?"

"நானும் அதான்."

"ஈரமாவா இருக்கு உன் வைக்கோலு?"

"ஈரம்தான் மாமா. உங்களதுலேருந்துகூட ஒழுவுது பாருங்க."

இரண்டு வண்டியின் பலகை இடுக்கிலிருந்தும் வெங்காயத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஈக்கள் கல்யாணக் கூட்டம்போல மொய்த்தன. நாங்கள் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்து மழையைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினோம். அவன் முதலில் போகட்டும் என்று நான், நான் போகட்டும் என்று அவன். கடைசியில் அவன் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான், நான் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு பேரும் தொப்பு தொப்பென்று கொட்டினோம். எத்தனை 'தொப்பு' என்று நான் அவனுடையதை எண்ணினேன். அவன் என்னுடையதை எண்ணியிருப்பான். அவன் அப்படிப்பட்ட ஆள்தான்.

வைகாசியில் உன் சர்வேக்காரர் வந்தார். நாற்பது வயதிருக்கும், நல்ல மனுஷன், தொப்பி போட்டிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் வருவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து மேலே தூவிக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன். மேற்கேயிருந்து அடிக்கிற மேல்காற்று. பட்டறையின் வாசம் எட்டாதபடி நாற்காலியைப் பட்டறைக்கு மேற்கே வேப்பமரத்தடியில் போட்டேன். போதாததற்கு உன் அம்மாவைக் கருவாடு வறுக்கச் சொன்னேன். "சர்வேக்கும் கருவாட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றாள். "அவரு விருந்தாளி" என்றேன். சர்வேக்காரர் உட்கார்ந்தார். கையிலிருந்த பலகைபோன்ற கருவியைத் தட்டினார்.

"ஐயா, எத்தனை மூட்டை பட்டறையில ஏத்துனீங்க?"

"நூத்தி இருவது."

ஏற்றியது அறுபது; கண் படும் என்ற பயத்தைக்கூட என் வாய் அன்று விழுங்கிவிட்டது.

"கழிவு எவ்வளவுங்க?"

இந்த இடத்தில்தான் கலியமூர்த்தி என் கண் முன்னால் வந்து நின்றான். இந்த எழுத்தெல்லாம் உன்னிடம் போகும். நீ படிப்பாய். அவனுடைய பதிலுக்குப் பக்கத்தில் என் பதிலை வைத்துப் பார்ப்பாய். அவனை நீ மெச்சியதுபோல என்னை ஒரு முறையாவது மெச்ச வேண்டும். நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்: "எழுதிக்கங்க சார். என் பட்டறையில ஒரு வெங்காயம் அழுவுனதில்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணுகூடவாங்க?"

"ஒண்ணு முளைச்சுது. அதையும் பொரியல் பண்ணிட்டோம்."

பூஜ்யம் என்று எழுதினார். அதோடு போயிருந்தால் ஒரு வீட்டுப் பொய்யாக நின்றிருக்கும். சாயங்காலம் டீக்கடையில் நான் அதைப் பெருமையாக வேறு சொன்னேன். மறுநாள் அவர் பெரியசாமி வீட்டுக்குப் போனார். எதிர்வீட்டு மாமா பூஜ்யம் சொல்லியிருக்கும்போது பெரியசாமி எப்படி ஒன்று சொல்வான்? அவனும் பூஜ்யம். அவன் பங்காளி அதைவிடக் குறைவாகச் சொல்ல முடியாதே என்று தவித்துப் பூஜ்யத்திலேயே நின்றான். சீட்டில் விழுந்த அத்தனை வீடும் வரிசையாகப் பூஜ்யம். ஏரிப் பள்ளத்தில் எங்கள் வெங்காயம் கருத்துக் கூழாகிக் கிடக்க, உன் ஆராய்ச்சியில் நம் ஊர் உலகத்தின் ஒப்பற்ற பட்டறை நாடாகிவிட்டது. ஊரில் என்னை 'ரீல் மாமா' என்று கூப்பிடுவார்கள், உனக்குத் தெரியும். அன்று ஊரே ரீல் ஊர் ஆனது.

இதை நான் ஒரு வருடம் மறந்தே போனேன். பொறாமையை மட்டும் மறக்கவில்லை. போன வாரம் அரியலூர்ப் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன் அல்லவா, யாரும் சாகவில்லை. கலியமூர்த்தியைப் பார்க்கப் போனேன். பாடாலூரில் ஒரு பஸ், பெரம்பலூரில் ஒரு பஸ், அரியலூரில் ஒரு பஸ். சிமெண்டு லாரிகள் கிளப்பிய புழுதியில் ஜெயங்கொண்டம் போய் இறங்கும்போது நான் வெள்ளைவெளேரென்று பூசின சாமி சிலைபோல இருந்தேன். தோப்பை விசாரித்துக்கொண்டு போனேன். முந்திரிப்பழம் உதிர்ந்து கிடந்த தரையில் ஒரு ஒல்லி ஆள் குனிந்து கொட்டையைத் திருகிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். இவனா என் எதிரி? எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. நான் பண்ருட்டியிலிருந்து வந்திருக்கும் முந்திரி வியாபாரி என்று அறிமுகப்படுத்திக்கொண்டேன்.

"உக்காருங்க" என்று ஒரு சாக்கை விரித்தார்.

"இந்த வருஷம் எத்தனை மூட்டை தேறும்?"

"தெரியலைங்க. பாதி மரம் இன்னும் கொட்டலை."

"வெளிநாட்டுக் கொட்டை வரத்து நின்னா வெலை ஏறுமா?"

"தெரியலைங்க. நின்னு நான் பாத்ததில்ல."

"என்னங்க, எதைக் கேட்டாலும் தெரியலைங்குறீங்க? எங்க பக்கம் ஒரு முந்திரி மரம் நின்னா ரெண்டு ஏக்கருக்கு நெழலு. அது உதுக்குற கொட்டையை அள்ள ஜேசிபி வரும். நாங்க..."

அவர் கொட்டை திருகுவதை நிறுத்தினார். என் முகத்தையே பார்த்தார். பிறகு சிரித்தார். "நீங்க பூங்கொடி அப்பாதானே?"

நாக்கு நுனியில் இருந்த அடுத்த பொய்யை அப்படியே விழுங்கினேன். என் வாழ்நாளில் அப்படி ஆனது அதுதான் முதல் தடவை.

"அது சொல்லும்ங்க. 'எங்கப்பா பேசினா மரம் வளரும் மாமா'ன்னு. வந்தா உங்க பேச்சுதான். கெணத்துல கல்லு போட்ட கதையை எத்தனை தடவ சொல்லியிருக்கும்! எனக்கே கொஞ்சம் பொறாமையா இருக்கும்ங்க. என் புள்ள என்னைப் பத்தி எங்கயும் போய் நாலு வார்த்தை சொல்லுவானான்னு."

அந்த ஆளுக்கு என் மேல் பொறாமையாம். நான் சாக்கில் கெட்டியாக உட்கார்ந்துகொண்டேன். அடுத்து அவர் சொன்னதைத்தான் உனக்கு எழுத வேண்டும். ஒரு நாள் நீ அவர் தோப்பில் இருக்கும்போது உன் பேராசிரியர் போன் செய்திருக்கிறார். நம் ஊர்க் கணக்கு நம்பும்படி இல்லை, மற்ற ஊர்களில் எல்லாம் அவ்வளவு கழிவு இருக்கும்போது ஒரு ஊர் மட்டும் எப்படிப் பூஜ்யம், அதைத் தூக்கிவிடு என்று. நீ மரத்தடியில் நின்று சண்டை போட்டிருக்கிறாய்.

"என்ன சொல்லிச்சு தெரியுமாங்க? 'சார், அந்த ஊருல எங்கப்பா இருக்காரு. மத்ததுல எல்லாம் பெருசா பேசுவாரு, பொய்யும் சொல்லுவாரு. வெளைஞ்ச பொருளைப் பத்திப் பொய் சொல்ல மாட்டாரு. எனக்குப் புடிக்காத பதிலா இருக்கறதால நான் அதைத் தூக்க முடியாது சார்'னுச்சு."

"பிடிக்காத பதிலுன்னா?" என்று கேட்டேன்.

"வாசலை மூடுனப்ப வெங்காயம் அழுவி வெங்காயக்காரங்க நொடிஞ்சு போனாங்கன்னு எழுத இருந்துச்சுங்க. உங்க ஊரு பூஜ்யத்தைச் சேத்தா அப்படி எழுத முடியலையாம். பட்டறை போட்டுத் தாங்கிக்கலாம், நட்டம் பெருசில்லன்னு ஆயிடுதாம்."

திரும்பி வரும்போது மூன்று பஸ்ஸிலும் எனக்கு உட்கார இடம் கிடைத்தது, உட்காரப் பிடிக்கவில்லை. பூங்கொடி, நான் என்ன காரியம் செய்தேன் என்று பார். என் மகள் என்னை நம்பவில்லை என்று பொறாமையில் வெந்து ஒரு பொய் சொன்னேன். அதே மகள் தன் பேராசிரியரிடம் என்னை நம்பித் தன் பெயரைப் பணயம் வைத்தாள். கிணற்றுக்குக் கயிறு விட்டவள், எனக்குக் கயிறு விடவில்லை. ஒரே ஒரு முறை நீ திருப்பிக் கேட்காமல் எடுத்துக்கொண்டது, நான் சொன்னதிலேயே பெரிய பொய். நாளைக்கு டெல்லியில் ஒருவர் உன் புத்தகத்தைப் பிரிப்பார். மறுபடி வாசலை மூடலாமா என்று யோசிப்பார். பாடாலூர்ப் பக்கம் பட்டறையில் ஒன்றும் அழுகாதாம், மூடு என்பார். அந்த வருடமும் அடுத்த வருடமும் ஏரிப் பள்ளத்துக்கு வண்டி போகும். அதை ஓட்டிப்போகிறவர்கள், சர்வேக்காரர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திய என்னைப்போன்ற முட்டாள்களாகவே இருப்பார்கள்.

அதனால்தான் இதைக் கடிதமாக எழுதி, இதுவரை எழுதியதன் நகல் ஒன்றை டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். டீக்கடையில் உரக்கச் சொன்ன பொய்யை உன் காதில் மட்டும் ரகசியமாகத் திருப்பி எடுத்துக்கொண்டால் அது எடுத்துக்கொண்டதாகாது. நேற்று ஒட்டினேன். ஒரு மணி நேரம் எல்லாரும் சுவரைப் பார்த்தே டீ குடித்தார்கள். பிறகு பெரியசாமி வந்தான். முழுவதையும் படித்தான். "மாமா, வைக்கோல் கதையைப் போய் எழுதியிருக்கீங்களே, மானம் போச்சே" என்றான். "போவட்டும்டா, அதுவும் அழுவுன மானந்தான்" என்றேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்கும் பூஜ்யம் இல்லன்னு பாப்பாகிட்ட சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

அப்பன் என்ற முறையில் உனக்குப் புத்தி சொல்லும் தகுதி இனி எனக்கு இல்லை. பொய்யன் என்ற முறையில் சொல்கிறேன், இதில் என்னை மிஞ்சிய அறிஞன் பெரம்பலூர் மாவட்டத்தில் கிடையாது. டெல்லியில் இருந்துகொண்டு நீ எந்த நாட்டுக்குப் போய்க் கேள்வி கேட்டாலும், பதில் சொல்கிறவன் நாற்காலியை எங்கே போட்டிருக்கிறான் என்று முதலில் பார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார். கருவாட்டு வாசம் வந்தால் எழுந்து பட்டறைப் பக்கம் நட. வீட்டுக்காரனிடம் கேட்டதை வீட்டுக்காரியிடமும் ஒரு முறை கேள். அவள் கீரை உருவிக்கொண்டே உண்மையைச் சொல்லிவிடுவாள். எல்லாவற்றுக்கும் மேல், எங்களைப்போன்ற ஊரில் ஒருவனிடம் அவனுடைய கழிவைக் கேட்காதே. எதிர்வீட்டானுடைய கழிவைக் கேள். பொறாமைபிடித்தவன் தன்னுடையதை மறைப்பான். அடுத்தவனுடையதை ஒரு மூட்டை பிசகாமல் எண்ணி வைத்திருப்பான். உங்கள் படிப்பில் இதற்கு ஏதாவது பெரிய பெயர் இருந்தால் இருக்கட்டும். நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, இப்படி வாழ்ந்தே தெரிந்துகொண்டேன்.

இனி என் வீட்டுக் கணக்கு. ஏற்றியது அறுபது மூட்டை. பள்ளத்துக்குப் போனது இருபத்திரண்டு என்று நான் சொல்கிறேன். கடைசி வரியில்கூடக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறேனோ என்று எனக்கே சந்தேகமாக இருந்ததால், இன்று காலையில் பெரியசாமியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை. "இருவத்தாறு மாமா. நாலு மூட்டை நீங்க முன்னாடியே ஒரு தடவ போய்க் கொட்டுனீங்க, மறந்துட்டீங்களா?" மறந்துதான் போயிருந்தேன். இருபத்தாறு என்று எழுதிக்கொள். அவனுக்குப் பதினெட்டு, அது நான் எண்ணியது, அதில் தப்பிருக்காது. மற்ற வீடுகளுக்கும் இப்படியே எதிர்வீட்டில் கேட்டால் சரியாக வரும்.

உன் பேராசிரியர் கோபப்படுவாரா, புத்தகம் தள்ளிப்போகுமா, டெல்லி வேலைக்கு ஏதாவது இடைஞ்சல் வருமா, நீ இனி நான் சொல்வதில் எதையாவது நம்புவாயா? தெரியலைம்மா. கலியமூர்த்தியைப்போலச் சொல்லிப் பார்த்தேன். அவர் வாயில் வரும்போது லேசாக வருகிறது, என் வாயில் முந்திரிக்கொட்டைப் பால் பட்டதுபோல எரிகிறது. அந்த ஆளின் மேல் எனக்கு இன்னும் பொறாமைதான். கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவே.

இந்த வருடத்துப் பட்டறையிலும் அடியில் அழுகல் விட ஆரம்பித்துவிட்டது. சர்வேக்காரரை அனுப்பு. சட்டம் இடம் கொடுத்தால், கேள்வி கேட்க இல்லாவிட்டாலும் பார்க்க மட்டுமாவது நீயும் வா. இன்று காலையில் மறுபடி ஒரு கைப்பிடி மண்ணைத் தூவிப் பார்த்தேன். அதே மேல்காற்றுதான். நாற்காலியைப் பட்டறைக்குக் கிழக்கே போட்டிருக்கிறேன்.